எரிசாராயமும் குட்டியானையும்

கடலூர் முதுநகரைத் தாண்டி சிதம்பரம் போகும் சாலையில் ஒரு பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. வேப்பமரத்தடியில் நாலு தகரம், ஒரு கம்ப்ரசர், கழற்றிப்போட்ட சிலிண்டர் ஹெட்டுகள். 2025 ஆகஸ்டில் ஒருநாள் என் ஸ்கூட்டரை விட்டுவிட்டு அங்கே காத்திருந்தேன். குட்டியானை ஒன்று வந்து நின்றது. எந்தக் கம்பெனி வண்டியானாலும் எங்கள் பக்கம் சின்ன சரக்கு வண்டிக்கெல்லாம் அந்த ஒரே பெயர்தான். பெட்ரோல் வண்டி, 2021 மாடல். துறைமுகத்தில் மீன் ஏற்றிக்கொண்டு சிதம்பரத்தில் இறக்கிவிட்டு வருகிற பையன். இறங்கியதுமே மெக்கானிக்கிடம் ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணே, மைலேஜ் சுத்தமா இல்ல. பெட்ரோல்லதான் எத்தனால் கலந்துட்டானுங்களே, இந்தப் பாதிப் பாதி எதுக்கு? முழுசா எத்தனாலுக்கே மாத்திக் குடுத்துருங்க. அது வெல கம்மின்றாங்க."

மெக்கானிக் சிரிக்கவில்லை. "இனிமே மாத்த என்னா தம்பி இருக்குது? ஏற்கெனவே மாத்தியாச்சு. உன் வண்டிய யாரும் தொடல. பங்க்குல வர்றத மாத்திட்டாங்க."

அன்றிரவு, நாலு வருஷம் தாமதமாக, நிதி ஆயோக்கின் அறிக்கையைத் திறந்து உட்கார்ந்தேன். இந்தியாவில் எத்தனால் கலப்புக்கான பாதைவரைபடம், 2020–25. ராகேஷ் சர்வால் தலைமையிலான நிபுணர் குழு எழுதியது. நிதி ஆயோக்கும் பெட்ரோலிய அமைச்சகமும் சேர்ந்து கொண்டுவந்தன. 2021 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று பிரதமர் வெளியிட்டார். ஓர் அரசு அறிக்கைக்கு இலக்கியப் பத்திரிகையில் என்ன விமர்சனம் வேண்டிக்கிடக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். சமீப காலத்தில் இந்த நாட்டில் எழுதப்பட்டவற்றுள் இவ்வளவு பேருடைய அன்றாடச் செலவுக்குள் நுழைந்த பிரதி வேறு ஒன்று எனக்குத் தெரியவில்லை. அதைப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அப்படியிருக்க, ஒரு கவிதைத் தொகுப்புக்குக் கொடுக்கிற கவனத்தில் பாதியையாவது அதற்குக் கொடுப்பதில் தப்பில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மோசமான அறிக்கையை எதிர்பார்த்துத்தான் திறந்தேன். அப்படி இல்லை. 2030 என்றிருந்த 20 சதவீத இலக்கை 2025க்கு இழுத்துக்கொண்டு வரச் சொல்லிக் கேட்கப்பட்ட குழு, தனக்குத் தெரிந்த சங்கடங்களை மறைக்காமல் எழுதியிருக்கிறது. எரிபொருளுக்கு மட்டும் 2025–26இல் 1,016 கோடி லிட்டர் எத்தனால் வேண்டும்: கரும்பிலிருந்து 550 கோடி, தானியத்திலிருந்து 466 கோடி. வருஷத்துக்கு நானூறு கோடி டாலர், அன்றைய மதிப்பில் 30,000 கோடி ரூபாய் அந்நியச் செலாவணி மிச்சம். இதெல்லாம் யாரும் எதிர்பார்க்கிற பக்கங்கள். எதிர்பாராதது, வண்டியைப் பற்றிய பக்கங்கள்தான். பெட்ரோலுக்கென்றே வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த நாலு சக்கர வண்டியில் 20 சதவீதம் ஊற்றினால் எரிபொருள் திறன் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்கிறது. அதே மாதிரி இரு சக்கர வண்டியில் 3 முதல் 4. பத்துக்கென்றே வடிவமைத்து இருபதுக்குச் சரிசெய்த காரில் 1 முதல் 2. அச்சிலேயே இருக்கிறது. பையன் புகார் சொல்வதற்கு நாலு வருஷம் முன்னாடியே அரசாங்கம் அவனுடைய புகாரை எழுதி வைத்துவிட்டது.

இதிலிருந்து அறிக்கை சரியான முடிவுக்கும் வருகிறது. திறன் குறைவதால் கலப்பு எரிபொருளின் சில்லறை விலை சாதாரண பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பழைய வண்டிகளின் பாதுகாப்புக்காக இ10 தொடர்ந்து கிடைக்க வேண்டும். வண்டிகள் படிப்படியாக மாற வேண்டும்: 2023 ஏப்ரலிலிருந்து இருபதைத் தாங்கும் ரப்பரும் உலோகமும் கொண்ட வண்டிகள், 2025 ஏப்ரலிலிருந்து இருபதுக்கென்றே சரிசெய்த எஞ்சின்கள்.

ஆனால் வினைமுற்றுகளைக் கவனியுங்கள். எங்கெல்லாம் அரசுக்கு இலக்கு இருக்கிறதோ அங்கெல்லாம் மாதமும் வருஷமும் இருக்கின்றன. ஏப்ரல் 2022, ஏப்ரல் 2023, ஏப்ரல் 2025. விலை குறைய வேண்டும் என்ற இடத்தில் தேதி இல்லை. அதை யார், எப்படிக் குறைப்பது என்ற கேள்வி வரும்போது, வரிச் சலுகையைப் பரிசீலிக்கலாம் என்ற அளவில் குரல் இறங்கிவிடுகிறது. அரசுக்குக் கிடைத்தது தேதி, குட்டியானைக்காரனுக்குக் கிடைத்தது ஒரு 'லாம்'. பிறகு நடந்ததைப் பார்த்தால் தேதி போட்டவை எல்லாம் தேதிக்கு முன்னாலேயே நடந்தன, 'லாம்' போட்டது நடக்கவில்லை. 2014இல் ஒன்றரை சதவீதமாக இருந்த கலப்பு 2025இல் இருபதைத் தொட்டது. எங்கள் பக்கத்து பங்க்குகளில் இ10 என்ற குழாய் தனியாக இல்லை. விலையும் இறங்கவில்லை.

மெக்கானிக் சொன்னதற்கு வருகிறேன். ஒரு பெட்ரோல் வண்டியை எத்தனாலுக்கு மாற்றுவது என்றால் பட்டறையில் என்ன செய்ய வேண்டும்? இது தெரியாமல் இந்த அறிக்கையை வாசிக்க முடியாது.

ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. எஞ்சின் இழுக்கிற காற்று மாறாது, ஆகவே அதே காற்றுக்கு எத்தனாலை அதிகமாக ஊற்ற வேண்டும். அளவில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கார்பரேட்டர் காலத்து வண்டி என்றால் மெயின் ஜெட்டைத் துளைத்துப் பெரிசாக்குவார்கள். விட்டத்தில் கால் பங்கு கூட்டினால் பரப்பு ஒன்றரை மடங்காகிவிடும். இன்றைய வண்டியில் இன்ஜெக்டர். வெளியேறும் புகையில் மிச்ச ஆக்சிஜனைச் சென்சார் முகர்ந்து சொல்ல, கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்துவைக்கும். அந்தத் திருத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. இருபது சதவீதக் கலப்பு அந்த எல்லைக்குள் அடங்கிவிடும். முழு எத்தனால் அடங்காது, விளக்கு எரியும், வண்டி திணறும்.

அடுத்தது ரப்பர். பெட்ரோலில் வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும் சில ரப்பர் வகைகள் சாராயத்தில் ஊறி உப்பும், பிறகு காய்ந்து வெடிக்கும். டியூப், ஓ-ரிங், பம்ப்பின் சீல் எல்லாவற்றையும் அதற்கான ரகத்தில் மாற்ற வேண்டும். டேங்க்கின் அடியில் படிந்திருக்கும் பழைய கசடை எத்தனால் கழுவிக்கொண்டு வந்து ஃபில்டரில் அடைக்கும், அதனால் மாற்றிய முதல் மாதம் ஃபில்டர் இரண்டு தடவை மாற்ற வேண்டியிருக்கும். குளிரில் ஸ்டார்ட் ஆகாது என்பது பிரேசிலின் தெற்கே ஒரு பிரச்சினை, கடலூரில் இல்லை. எங்களுக்கு மார்கழியிலும் அந்தக் குளிர் கிடையாது.

எங்கள் பிரச்சினை தண்ணீர். எத்தனால் காற்றின் ஈரத்தையே உறிஞ்சும். பத்து சதவீதக் கலப்பில் அரை சதவீதம் தண்ணீர் சேர்ந்தாலே போதும், சாராயமும் தண்ணீரும் கூட்டுச் சேர்ந்து அடியில் இறங்கிவிடும், பெட்ரோல் மேலே மிதக்கும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்து. கலப்பு கூடக் கூடத் தாங்கும் தண்ணீரும் கொஞ்சம் கூடும் என்பது உண்மை. ஆனால் 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலையொட்டித் தென்பெண்ணை பெருகி ஊருக்குள் வந்தபோது, நின்ற இடத்திலேயே நனைந்த வண்டிகளுக்கு 'கொஞ்சம்' என்பது போதவில்லை. "அந்த வாரம் பூரா டேங்க்க கழட்டிக் கவுக்கறதுதான் வேல" என்றார் மெக்கானிக். பழைய பெட்ரோலில் தண்ணீர் புகுந்தால் தனியாக அடியில் நிற்கும், வடித்துவிட்டு மேலே உள்ளதை ஊற்றிக்கொள்ளலாம். இப்போது மேலே மிஞ்சுவது சாராயத்தை இழந்த, தரம் இறங்கிய பெட்ரோல். முழுக்கக் கொட்ட வேண்டியதுதான்.

இன்னொன்றும் உண்டு. எத்தனாலின் ஆக்டேன் எண் பெட்ரோலைவிட வெகு உயரம். எஞ்சினின் அழுத்த விகிதத்தை 12க்கு மேல் கொண்டுபோனாலும் தட்டாது. ஹெட்டைச் சீவி அழுத்தம் கூட்டினால் இழந்த மைலேஜில் ஒரு பகுதியைத் திருப்பி எடுக்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல், எத்தனாலில் 21 மெகாஜூல் என்ற இடைவெளியை முழுசாக மூட முடியாது, சுருக்கலாம். ஆனால் இது எத்தனாலுக்கென்றே பிறந்த எஞ்சினுக்குத்தான் வாய்க்கும். பழைய வண்டியில் இருபதை ஊற்றும்போது எத்தனாலின் குறை முழுசாக வந்து சேர்கிறது, அதன் நிறை டேங்க்கிலேயே தூங்குகிறது.

பையனின் கணக்கையும் சரிபார்த்துவிடலாம். பதினைந்து கொடுத்த வண்டி இப்போது பதினொன்றுதான் கொடுக்கிறது என்றான். வேதியியல் அதை ஒப்புக்கொள்ளாது. சுத்தப் பெட்ரோலோடு ஒப்பிட்டாலே இருபது சதவீதக் கலப்பில் ஆற்றல் ஏழு சதவீதத்துக்குள்தான் குறையும், பத்து சதவீதக் கலப்போடு ஒப்பிட்டால் அதில் பாதி. நாலு கிலோமீட்டர் இறங்கியிருந்தால் அதில் பெரும்பகுதி டயர் காற்று, கிளட்ச், ஏற்றிய பாரம் இவற்றின் வேலை. மெக்கானிக்கும் அதைத்தான் சொன்னார், பையனுக்குப் பிடிக்கவில்லை. அந்த ஆகஸ்டில் ஊடகங்களில் எஞ்சின் உருகிவிடும் என்கிற அளவுக்குப் பேசியவர்களிடமும் எனக்கு இதே மனத்தாங்கல் உண்டு. மிகைப்படுத்தியதால் உண்மையான சின்ன நஷ்டத்தைக் கேலிக்குரியதாக்கிவிட்டார்கள். அமைச்சகத்துக்கு மிகையை மறுப்பது சுலபமாகப் போயிற்று.

அந்தச் சின்ன நஷ்டம் எவ்வளவு? கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போக வர 90 கிலோமீட்டர் என்று வையுங்கள். லிட்டருக்குப் பதினைந்து என்றால் ஆறு லிட்டர். அறிக்கை சொல்லும் ஆறரை சதவீதம் குறைந்தால் ஆறு லிட்டர் நானூறு மில்லி. நூறு ரூபாய்க்கு மேல் விற்கிற பெட்ரோலில் நாளுக்கு நாற்பது ரூபாய்ச் சொச்சம். வருஷத்தில் 300 நாள் ஓட்டினால் பன்னிரண்டு, பதிமூன்றாயிரம். பணக்காரனின் காருக்கு இது கவனத்திலேயே வராது. தவணையில் வாங்கிய குட்டியானைக்கு ஏறக்குறைய ஒரு மாதத் தவணை. தேசத்துக்கு 30,000 கோடி மிச்சம் என்று எழுதுகிற கை, அந்த மிச்சத்தில் ஒரு பங்கு இவன் பையிலிருந்தும் போகிறது என்பதை அறிந்தே எழுதியது. அதனால்தான் விலை குறைய வேண்டும் என்றும் எழுதியது. அறிக்கையின் நேர்மை அங்கே இருக்கிறது, அதன் தோல்வியும் அங்கேதான்.

வண்டியை வேறு எரிபொருளுக்கு மாற்றுவது நமக்குப் புதிசு இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் ரேஷனானபோது சென்னை மாகாணத்து பஸ்கள் பின்னால் ஓர் உருளையைக் கட்டிக்கொண்டு கரிவாயுவில் ஓடின. மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளிய கதைகளை எங்கள் தாத்தா தலைமுறையில் எல்லோரும் சொல்வார்கள். பிறகு பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்குத் திருப்புகிற பம்ப்செட்டுகள். கடலூர்க் கரையில் ஃபைபர் படகுகளின் எஞ்சின் இன்னும் அப்படித்தான். எல்.பி.ஜி. ஆட்டோக்களைச் சொல்லவே வேண்டாம். இந்த மாற்றங்களில் சில திருட்டுத்தனமானவை, சில எஞ்சினைக் கெடுத்தவை. ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மாற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுத்தவன் வண்டிக்காரன். மாற்றினால் மிச்சம் அவனுக்கு. கெட்டால் நஷ்டமும் அவனுக்கு. பட்டறையில் மெக்கானிக்கோடு உட்கார்ந்து அரை நாள் பேரம் பேசி எடுத்த முடிவு அது. இ20இல் நடந்திருப்பது வேறு மாதிரி. முடிவும் மிச்சமும் ஓரிடத்தில், நஷ்டம் வேறிடத்தில்.

பிரேசிலை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். காட்டட்டும், முழுசாகக் காட்ட வேண்டும். அங்கே 1975இல் அரசுத் திட்டம் தொடங்கியது. 1979இல் முழு எத்தனாலில் ஓடும் ஃபியட் 147 தொழிற்சாலையிலிருந்து வந்தது. கார்பரேட்டருக்கு நிக்கல் பூச்சு, குளிரில் ஸ்டார்ட் செய்யத் தனியாக ஒரு சின்னப் பெட்ரோல் டப்பா என்று எஞ்சினை எத்தனாலுக்காக மாற்றினார்கள். அதைவிட முக்கியம், எத்தனால் விலையைப் பெட்ரோல் விலையில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் பிடித்துவைத்தார்கள். இன்றைக்கும் பிரேசில்காரர் பங்க்கில் நின்று மனக்கணக்குப் போடுகிறார்: எத்தனால் விலை பெட்ரோலில் எழுபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது, மேலே போனால் இது. 2003க்குப் பிறகு வந்த ஃப்ளெக்ஸ் வண்டி எதை ஊற்றினாலும் ஓடும், அதனால் தேர்வு அவர் கையில். அங்கும் சறுக்கல் உண்டு. எண்பதுகளின் கடைசியில் சர்க்கரை விலை ஏற, ஆலைகள் எத்தனாலைக் குறைக்க, பங்க்குகளில் வரிசை நின்றது, மக்கள் எத்தனால் காரையே வெறுத்தார்கள். பிரான்ஸில் 2017 டிசம்பரிலிருந்து பழைய பெட்ரோல் காரை இ85க்கு மாற்றும் பெட்டிக்கு அரசு அங்கீகாரம் இருக்கிறது. பட்டறையில் பொருத்தி, பதிவுச் சான்றிதழிலும் ஏற்றிக்கொள்ளலாம். நம்மூரில் கேஸ் கிட்டுக்கு ஆர்.சி. புக்கில் ஆர்.டி.ஓ. முத்திரை குத்துகிறாரே, அந்த மாதிரி.

அப்படியானால் பையன் கேட்டது அவ்வளவு பைத்தியக்காரத்தனமா? 2024 மார்ச்சில் இந்தியன் ஆயில் 183 பங்க்குகளில் 'எத்தனால் 100' என்று விற்க ஆரம்பித்தது. ஐந்து மாநிலங்கள், அதில் தமிழ்நாடும் ஒன்று. அந்தச் செய்தி எப்படியோ வாட்ஸ்ஆப்பில் சுற்றி அவனிடம் வந்திருக்கிறது. எரிபொருளை முதலில் கொண்டுவந்துவிட்டார்கள், அதை ஊற்றுவதற்கான வண்டி அவன் வாங்கும்படி சந்தையில் இல்லை, இருக்கிற வண்டியை மாற்றிக்கொள்வதற்கு ஒரு நடைமுறையும் பட்டறை வரை வந்து சேரவில்லை.

இந்த இடத்தில் மொழியைப் பற்றி ஒரு விஷயம். அறிக்கை முழுக்க எத்தனால் என்ற சொல். தமிழ்ப் பத்திரிகைகளும் பொருளாதாரப் பக்கத்தில் அப்படியே எழுதுகின்றன. ஆனால் அதே திரவத்துக்கு அதே பத்திரிகையின் குற்றச்செய்திப் பக்கத்தில் வேறொரு பெயர் உண்டு: எரிசாராயம். புதுச்சேரி எல்லையில் இருக்கிற எங்கள் மாவட்டத்துக்கு அந்தச் சொல் ரொம்பப் பழக்கம். சோதனைச்சாவடியில் கேன் கேனாக எரிசாராயம் பறிமுதல், வேன் பறிமுதல். எரிகிற சாராயம். இதைவிடத் துல்லியமாக ஒரு வாகன எரிபொருளுக்குத் தமிழில் யாரும் பெயர் வைத்துவிட முடியாது, அது போலீஸ் பாஷையில் போய் மாட்டிக்கொண்டது. ஒரே பொருள் நெல்லிக்குப்பத்திலிருந்து டேங்கர் லாரியில் போனால் பசுமை எரிபொருள், குட்டியானையில் கேனில் போனால் மதுவிலக்கு வழக்கு.

இது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை. கடலூருக்குப் பக்கத்தில் நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை 1840களிலிருந்து இருக்கிறது, கூடவே வடிசாலையும். சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் போகிற வழியில் சேத்தியாத்தோப்பில் எம்.ஆர்.கே. கூட்டுறவு ஆலை. கரும்பு இங்கே, ஆலை இங்கே, ஓட்டுகிறவன் இங்கே. அமெரிக்காவில் ஒரு விவசாயி அனுமதி வாங்கித் தன் டிராக்டருக்கான சாராயத்தைத் தன் கொட்டகையிலேயே வடித்துக்கொள்ளலாம். இங்கே அதை நினைத்தே பார்க்க முடியாது. நினைக்க முடியாததற்குக் காரணமும் இருக்கிறது. 2024 ஜூனில் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்தது. அதே வருஷம் அக்டோபர் 23இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், தொழிற்சாலைச் சாராயத்தின் மீதும் மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றது. கள்ளக்குறிச்சியை நினைத்துக்கொண்டு அந்தத் தீர்ப்பை வாசித்தால் குறை சொல்லத் தோன்றாது.

இதற்குள் ஒரு தொழில்நுட்ப முரண் ஒளிந்திருக்கிறது. பெட்ரோலில் கலப்பதற்குத் தண்ணீரே இல்லாத எத்தனால் வேண்டும், 99 சதவீதத்துக்கும் மேலே. சாதாரணமாக எவ்வளவுதான் வடித்தாலும் 95, 96க்கு மேல் ஏறாது. மிச்சத் தண்ணீரை எடுக்கத் தனி எந்திரங்கள், பெரிய முதலீடு. ஆனால் முழு எத்தனாலில் ஓடுகிற எஞ்சினுக்கு அந்த 95 சதவீதமே போதும். பிரேசிலில் முழு எத்தனால் வண்டிகள் ஓடுவது அதில்தான். ஆக, கலப்பு என்ற பாதையைத் தேர்ந்தெடுத்தபோதே எரிபொருள் பெரிய ஆலைக்கும் எண்ணெய்க் கம்பெனிக்கும் இடையிலான விவகாரம் ஆகிவிட்டது. கூட்டுறவு ஆலை தன் உறுப்பினரின் வண்டிக்குத் தானே எரிபொருள் ஊற்றுவது என்ற யோசனைக்கு அதில் இடம் இல்லை. 1948இலேயே பவர் ஆல்கஹால் சட்டம் என்று ஒன்று போட்டு, ஐம்பது வருஷம் தூங்கவைத்து, 2000இல் ரத்து செய்த நாடு இது. யோசனைக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

கரும்பு என்றால் தண்ணீர். அறிக்கை இதையும் மறைக்கவில்லை. ஒரு லிட்டர் எத்தனாலுக்கு சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறது. எப்படி வந்தது என்று பார்த்தேன். ஒரு டன் கரும்பில் 100 கிலோ சர்க்கரை அல்லது 70 லிட்டர் எத்தனால், ஒரு கிலோ சர்க்கரைக்கு 1,600 முதல் 2,000 லிட்டர் தண்ணீர். மேல் எல்லையான இரண்டாயிரத்தை எடுத்துக்கொண்டால் 2,860 வருகிறது. கீழ் எல்லையை எடுத்தால் 2,290க்குப் பக்கம். தன் கொள்கைக்குச் சாதகமான எண்ணை விட்டுவிட்டுப் பாதகமான எண்ணைப் போட்டிருக்கிறார்கள், அதற்கு மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

அந்த எண்ணைச் சிதம்பரத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவு 1.465 டி.எம்.சி., அதாவது நாலாயிரத்துச் சொச்சம் கோடி லிட்டர். காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கம் சுமார் 45 ஆயிரம் ஏக்கர் நெல்லுக்கு அது பாய்கிறது, 2004இலிருந்து குழாயில் சென்னைக்கும் போகிறது. அறிக்கையின் கணக்குப்படி ஒரு முழு வீராணத்தைக் கரும்புக்கு விட்டால் ஒன்றரைக் கோடி லிட்டர் எத்தனால்கூட வராது. 550 கோடி லிட்டருக்குச் சுமார் 380 வீராணம், கீழ் எல்லையில் வைத்தாலும் 300. இது முரட்டுக் கணக்கு, ஒப்புக்கொள்கிறேன். கழிவுப்பாகிலிருந்து எடுக்கிற எத்தனாலுக்குத் தண்ணீர் ஏற்கெனவே சர்க்கரைக்காகச் செலவானதுதான், அதைத் தனியாக எத்தனால் தலையில் கட்டக்கூடாது. நேரடிச் சாறு, கெட்டிப்பாகு என்று போகும்போதுதான் இந்தக் கணக்கு கடிக்கும். அதைத் தெரிந்துதான் குழு, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற மக்காச்சோளத்தின் பக்கம் போகச் சொன்னது. போனார்கள். நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் தீவன விலை ஏறிவிட்டதென்று கத்தினார்கள், 2024இல் மக்காச்சோளத்தை நிகர இறக்குமதி செய்கிற நாடாக ஆனோம். எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கப் புறப்பட்ட பயணத்தில் வழியில் இப்படி ஒரு நிறுத்தம்.

கரும்பு விவசாயியை நான் மறந்துவிடவில்லை. ஆலை பணம் தராமல் இழுத்தடித்த வருஷங்களைப் பார்த்த மாவட்டம் இது. எத்தனால் வந்தபிறகு ஆலைகளுக்குக் கையில் காசு சீக்கிரம் புரள்கிறது, பாக்கி குறைகிறது என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் 2011–12க்குப் பிறகு தமிழ்நாட்டில் கரும்புப் பரப்பு பாதியளவுக்கு இறங்கிவிட்டது, அறிக்கை எடுத்துக்கொண்ட நூறு கிலோ பிழிதிறனும் நம் கரும்பில் கிடைப்பதில்லை. சேத்தியாத்தோப்பு விவசாயிக்கு வந்து சேர்கிற லாபம் உத்தரப்பிரதேசத்து விவசாயியின் லாபம் அல்ல. நஷ்டத்தில் மட்டும் கடலூர் வண்டிக்காரனுக்கும் லக்னோ வண்டிக்காரனுக்கும் வித்தியாசம் இல்லை.

2025 ஆகஸ்டில் புகார்கள் பெருகியபோது அமைச்சகம் பதில் சொன்னது. அந்தப் பதிலையும் அறிக்கையின் பின்னிணைப்பாகவே வாசிக்க வேண்டும். 2020–21இல் அறிக்கை எழுதப்பட்டபோது எத்தனால் பெட்ரோலைவிட மலிவாக இருந்தது, இப்போது எத்தனாலின் கொள்முதல் விலை உயர்ந்துவிட்டது, 2025 ஜூலை வரைக்குமான சராசரி லிட்டருக்கு 71 ரூபாய் 32 காசு, சுத்திகரித்த பெட்ரோலின் அடக்க விலையைவிட அதிகம், ஆகவே விலைக் குறைப்புக்கு வழியில்லை என்றது. சரியான தகவல்தான். அறிக்கையின் முக்கியமான வாக்குறுதி நின்றிருந்த அஸ்திவாரமே போய்விட்டது என்று அதற்கு அர்த்தம். அப்போது ஒருவர் அறிக்கையைத் திரும்ப எழுத வேண்டும், அல்லது இலக்கை நிதானப்படுத்த வேண்டும். நடந்தது, விலை பற்றிய வரியை மட்டும் உருவிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் ஒரு தேர்வாக வேண்டும் என்று போன பொதுநல வழக்கை உச்சநீதிமன்றம் செப்டம்பர் 1இல் தள்ளுபடி செய்தது.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில் பெரியகுப்பம் பக்கம் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் மிச்சம் நிற்கிறது. வருஷத்துக்கு அறுபது லட்சம் டன் என்று நாகார்ஜுனா நிறுவனம் கட்டிக்கொண்டிருந்தது. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்தது, வேலை நின்றது, கடைசியில் கம்பெனி திவாலுக்குப் போயிற்று. பையன் தினம் அந்த வழியாகத்தான் போகிறான். பெட்ரோல் வரும் என்று நிலம் கொடுத்த ஊருக்கு இப்போது எத்தனால் வருகிறது என்று சொன்னால் பெரிய உற்சாகம் எதிர்பார்க்க முடியாது.

போன வாரம் மறுபடி பட்டறைக்குப் போயிருந்தேன். அமைச்சகத்தின் அதே விளக்கத்தில் ஒரு வரி உண்டு: சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம், செலவு சொற்பம், வழக்கமான சர்வீஸிலேயே முடிந்துவிடும். மெக்கானிக்கிடம் அதைச் சொன்னேன். அவர் விரலில் எண்ணினார். நாளுக்குத் தொண்ணூறு, மாசத்துக்கு இருபத்தஞ்சு நாள்.

"அது ஒரு வருசம் சார்" என்றார். தகர டப்பா ஒன்றைக் காலால் என் பக்கம் தள்ளினார். உப்பிப்போன டியூப் துண்டுகள், வாய் பிளந்த ஓ-ரிங்குகள். இரண்டை எடுத்துப் பார்த்தேன், விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. மேலே கிடந்தது அந்தப் பையனின் வண்டியில் கழற்றியதாம். எத்தனாலால்தானா, வயசாலா என்று கேட்டேன். வயசாகியும் இருக்கும் என்றார். புதுசுக்கு எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு, நல்ல ரகம் பாண்டியில்தான் கிடைக்குது, போய்வர பெட்ரோல் காசு மட்டும் வாங்கிக்கிட்டேன் என்றார்.